சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு ரொட்டி

ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகக் கடல் தாண்டியவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அந்தக் காகிதம் என் பெரியப்பா மகள் சவேரியம்மாளின் ஞானஸ்நானச் சான்று. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலின் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதி, பங்குச் சாமியார் முத்திரை குத்திக் கொடுத்தது. தபாலில் இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தோம். இரண்டு தடவையும் இலங்கையில் எந்த மலையில் எந்த மழையில் நனைந்ததோ, போய்ச் சேரவே இல்லை. "பேசாம நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார் அப்பா. நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசை. கிளம்பிவிட்டேன்.

சவேரியக்காவை நான் பார்த்ததே கிடையாது. பெரியப்பா லிந்துலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர். பெரியம்மா பிரசவத்துக்கு ஊருக்கு வந்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஆறு மாதத்தில் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு பத்து வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன். அக்காவை எனக்குக் கடிதத்தில்தான் பழக்கம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்கா அதே தோட்டத்து ராமையாவைக் கட்டிக்கொண்டாள். அவர் இந்து. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குக் கோயிலில் நன்மை கிடையாது. பூசையில் சாமியார் கொடுக்கும் வெள்ளை அப்பத்தை யேசுவின் உடல் என்று நம்பி வாங்குவதைத்தான் எங்கள் பக்கத்தில் நன்மை வாங்குவது என்போம். கோயிலுக்குப் போகலாம், பாடலாம், கூட்டிப் பெருக்கலாம். நன்மை மட்டும் வாங்கக்கூடாது. இப்போது புதிதாக வந்திருக்கும் சாமியார், ராமையா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறவேண்டியதில்லை, ஆயராகிய மேற்றிராணியாரிடம் அனுமதி வாங்கி அப்படியே கல்யாணத்தை மந்திரித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா ஞானஸ்நானம் பெற்றவள் என்பதற்கு ஒரு காகிதம்தான் பாக்கி.

அந்தத் தோட்டத்துக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அக்காவும் ராமையாவும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் இருந்தார்கள். அடுத்த மாதப் பூசைக்கு முன்னால் கப்பல். ஊருக்கு வந்து நிம்மதியாக வாங்கிக்கொள்ளலாமே என்று நான் எழுதியதற்கு அக்காவின் பதில் இரண்டே வரி. "இந்தக் கோயிலில்தான் நிறுத்தினார்கள். இந்தக் கோயிலில்தான் வாங்கவேண்டும், தம்பி."

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கப்பலில் பாதி நேரம் தலை சுற்றியது, மீதி நேரம் பசித்தது. அம்மா இரண்டு டப்பா கட்டிக் கொடுத்திருந்தாள். ஒன்றில் எனக்கு முறுக்கு. இன்னொன்றில் அக்காவுக்கு அதிரசம், எண்ணி இருபது. சாப்பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பலவீனமான ஆள் என்பதால் இரண்டாவது டப்பாவைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அது மாவுப் பஞ்ச வருடம். அதைப் பத்திரிகையில் படித்தேன் என்று பேர், பார்த்தபிறகுதான் புரிந்தது. விடியற்காலையில் ரயில் கடந்துபோன ஊர்களிலெல்லாம் கடை வாசலில் நீள வரிசை நின்றது. தூக்கக் கலக்கத்தில் நான் ஏதோ திருவிழா என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த துணி வியாபாரி, ஹட்டனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், "பாணுக்கு நிக்கிறாங்க தம்பி" என்றார். நாங்கள் ரொட்டி என்று கடையில் வாங்குவதற்கு அங்கே பாண் என்று பேர். ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, கடைக்காரர் ஒரு கூடையைத் திறந்து அவித்த மரவள்ளிக் கிழங்கைக் காட்டினார். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கூடையை மூடிக் காட்டினார்.

இரண்டாம் நாள் ரயில் மலை ஏறியது. எனக்கு அந்த நாள் முழுவதும் அரைத்தூக்கத்தில் நடந்தது மாதிரிதான் ஞாபகம். ஒரு குகைக்குள் நுழையும்போது வெயில் இருக்கும், வெளியே வரும்போது மஞ்சு மூடியிருக்கும். மஞ்சு விலகினால் ஒரு அருவி, ஒரு சரிவு நிறையப் பச்சை, அதில் கூடை சுமந்த பெண்கள். மறுபடியும் மஞ்சு. கண்ணை மூடித் திறந்தால் அதே பெண்கள் இன்னொரு சரிவில் நிற்பதுபோல் இருக்கும். எங்கள் ஊரில் தூரத்தில் இருப்பது தூரத்தில் இருக்கும். இங்கே அடுத்த மலைக்காரன் இருமினால் ஜன்னலுக்குப் பக்கத்தில் கேட்கிறது, ஆளைத்தான் காணோம்.

வட்டவளை தாண்டி ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் பாறை சரிந்து கிடக்கிறது என்றார்கள். மழையும் நிற்கவில்லை, பாறையும் நகரவில்லை. முறுக்கு டப்பா ஒரு மணி நேரத்தில் காலி. பிறகு கயிறு கட்டிய டப்பாவைப் பார்த்தேன். அக்காவுக்குப் பதினைந்து போதாதா என்று ஆரம்பித்தேன். பத்து போதாதா என்று தொடர்ந்தேன். தனியாகத் தின்றால்தானே பாவம் என்று துணி வியாபாரிக்கு ஒன்று, மூலையில் கூடையோடு உட்கார்ந்திருந்த சிங்கள அம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். அந்த அம்மா பாதியைக் கடித்து, மீதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஏதோ சொன்னார். "இவ்வளவு சீனியை ஒரே இடத்தில் பார்த்து ஒரு வருடம் ஆகிறது, மகளுக்குக் கொண்டுபோகிறேன் என்கிறார்" என்று வியாபாரி எனக்குச் சொன்னார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கு மணி நேரம் கழித்து ரயில் அசைந்தபோது டப்பாவில் ஒன்றுமில்லை.

தலவாக்கலையில் இறங்கியபோது சாயங்காலம். ராமையா மச்சான் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள! மூக்கப் பாத்தாலே தெரியுது, அவ தம்பிதான்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். பஸ் வரும் வழியாய்க் காணோம். நடந்தோம். ஏற்றத்தில் நான் இளைத்தேன், அவர் பீடி பிடித்துக்கொண்டே ஏறினார். வழியெல்லாம் அவர் பேசிய தமிழைக் கேட்டால் திண்டுக்கல் சந்தையில் நிற்பதுபோல் இருந்தது. நடுநடுவே லயம், பெரட்டு, கண்டாக்கு என்று புரியாத சொற்கள் வரும். அவரே நின்று விளக்குவார். லயம் என்றால் வரிசை வீடு. பெரட்டு, காலையில் ஆள் கணக்கெடுப்பது. கண்டாக்கு, மேலதிகாரி. "அந்த ஆளுக்கு மட்டும் இன்னும் மாவு கெடைக்கிது மாப்ள" என்று சிரித்தார்.

அவர்களுடைய வீடு நீள லயத்தில் ஒரே ஒரு அறை. அதை அவர்கள் காம்பரா என்கிறார்கள். முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு ஒட்டுத் தாழ்வாரம். அறைகளுக்கு நடுவில் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கும். அக்கா வீட்டில் இல்லை. நாளைப் பூசைக்காகக் கோயிலைக் கழுவப் போயிருக்கிறாள் என்றார் மச்சான். அடுப்பை மூட்டிப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி போட்டு, என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியைத் தட்டினார். அதை நக்கிக்கொண்டே குடிக்கவேண்டுமாம். "குடிங்க, நான் போயி அவள இட்டாறேன்" என்று சாக்கை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். உடம்பு நனைந்திருந்தது. வயிறு காந்தியது. அடுப்புக்கு மேல் பலகையில் ஒரு பீங்கான் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட கோதுமை ரொட்டி ஒன்று, உள்ளங்கை அகலம். எங்கள் வீட்டில் தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிற சாப்பாடு, வரப்போகிறவனுக்கு வைத்தது. யாரும் சொல்லவேண்டியதில்லை, வந்தவன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். அக்கா எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று மனசு நெகிழ்ந்து, மூன்று கடியில் தின்று முடித்தேன். தட்டையும் கழுவி வைத்தேன்.

அக்கா ஈரக் காலோடு உள்ளே வந்தாள். ஒல்லியான ஆள், கை மட்டும் பெரிது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "போட்டோவுல பாத்த சித்தப்பா சாடை அப்புடியே" என்றாள். "நனஞ்சு போயிட்டியே தம்பி, பசிக்கலயா?"

"இல்லக்கா, நீ வச்சிருந்த ரொட்டியச் சாப்பிட்டேன்."

அவள் பலகையைப் பார்த்தாள். தட்டு நிமிர்ந்திருந்தது. "சாப்ட்டியா? நல்லது" என்றாள். அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்து, எரிகிற விறகை ஒரு தடவை உள்ளே தள்ளினாள், மறுபடியும் வெளியே இழுத்தாள். மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன?" என்றேன்.

"அது நன்மைக்கு வச்ச ரொட்டி மாப்ள" என்றார் அவர்.

பிறகு அவர்தான் விளக்கினார். நன்மை வாங்குவதற்கு முன்னால் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்பது எங்களுக்கு வழக்கம். இந்தத் தோட்டத்தில் பஞ்சம் வந்தபிறகு அதிலே ஒரு சிக்கல் வந்திருக்கிறது. வீட்டில் சாப்பிட எதுவுமே இல்லாமல் பட்டினி கிடந்துவிட்டு, அதை உபவாசம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே சாமியார் வருவதற்கு முந்தின நாள், வேதக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு ரொட்டியாவது சுட்டு மூடி வைப்பார்களாம். கையெட்டும் தூரத்தில் சாப்பாடு இருக்கும். சாப்பிடமாட்டார்கள். பூசை முடிந்தபிறகு கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அதைத் தின்பார்கள். "இவ பதினோரு வருசமா நன்ம வாங்கல. அதனால எங்க வீட்ல வைக்கிறதில்ல. இதுதான் மொதத் தடவ" என்றார் மச்சான். "இனி மாவு செவ்வாக்கெழமதான் தருவாங்க."

டப்பாவில் ஒரு அதிரசம் இருந்திருந்தால்கூடப் போதும். கயிறுதான் இருந்தது.

எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அக்கா, இப்பச் சட்டம் மாறிடுச்சு. ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தாப் போதும். எங்க ஊர்லயே அப்படித்தான்."

"தெரியும் தம்பி. சாமியாரும் சொன்னாரு."

"அப்புறம் என்ன? நீ மத்தியானத்துலேருந்தே எதுவும் சாப்பிடலன்னு மச்சான் சொன்னாரே?"

"ஆமா. இல்லாததால சாப்புடல." அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். "அது பஞ்சம் குடுத்த பசி. நான் குடுக்குற பசி இல்ல. யேசு தன் ஒடம்பையே குடுக்குறாரு. என்கிட்ட குடுக்க இருந்தது அந்த ஒரு ரொட்டி."

"அப்ப நாளைக்கு?"

"கல்யாணத்த மந்திரிக்கட்டும். நன்ம வாங்கல. இந்தியாவுல வந்து பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு எனக்குத் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நேரம் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் ஞாயிறு தவறாமல் நன்மை வாங்குகிறவன் நான். வரிசையில் நிற்கும்போது வீட்டில் கறிக்குழம்பு கொதிக்குமா என்று நினைத்துக்கொண்டே நாக்கை நீட்டியிருக்கிறேன். பதினோரு வருடம் காத்திருந்தவளின் வாசலைப் பசி தாங்காமல் நான் அடைத்துவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. கொஞ்ச நேரத்தில் இஸ்தோப்பில் ஒரு பெண் வந்து நின்றார். பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் மீனாட்சி. அக்காவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர், இந்து. அவர் கையில் வாழையிலைத் துண்டில் ஒரு ரொட்டி.

"இந்தாடி வேதக்காரி. இத மூடி வையி."

"அது ஒனக்கு நாளைக்கு வச்சிருக்குறதுல்ல?"

"கீர இருக்கு எனக்கு. நீ புடி."

"ஒன் ரொட்டியத் திங்காம நான் இருந்தா, அது என் ஒபவாசமாடி?"

மீனாட்சி இதற்கு அசரவில்லை. ரொட்டியை அக்காவின் மடியில் வைத்தார். "இப்பக் குடுத்துட்டேன். இனி இது ஒன்னுது. பசிச்சாத் தின்னு, வேணாம்னா வையி. அது ஒன் இஷ்டம். நான் கேக்க வரமாட்டேன்." திரும்பிப் போய்விட்டார்.

அக்கா வெகு நேரம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, நான் கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைத்து, ரொட்டியை வைத்துக் கவிழ்த்தாள். எனக்குச் சாக்கு விரித்துப் படுக்கை போட்டாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சு அறைக்குள்ளேயே வந்திருந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் தேயிலைச் செடிகளுக்கு மேலே தலைகள் மட்டும் மிதந்து போயின. ஒவ்வொருவர் கையிலும் இலையிலோ துணியிலோ சுற்றிய சின்னப் பொட்டலம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. பசியில் உடம்பு லேசாகி, நானும் தரையில் கால் பாவாமல் போவதுபோல் இருந்தது. வேண்டுமென்றே சாயத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்திருந்தேன், அதிலே ஏதோ ஈடு ஆகிவிடும் என்பதுபோல.

தகரம் போட்ட சின்னக் கோயில். இளவயதுச் சாமியார் என் காகிதத்தை வாங்கி, ஒரு தடவை படித்து, புத்தகத்துக்குள் வைத்தார். அந்தக் காகிதத்தின் வேலை அவ்வளவுதான். கோயில் வாசலிலேயே இரண்டு பேரையும் நிறுத்தி, சம்மதமா என்று கேட்டார். ராமையா மச்சான் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். "பதினோரு வருசம் கழிச்சிக் கேக்குறீங்களே சாமி. இனிமே வேணாம்னா விடுவாளா?" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா அவர் முழங்கையைக் கிள்ளினாள். மந்திரித்தாயிற்று.

பூசையில் அக்கா கதவோரம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வெளிப்பக்கம், அவள் உள்பக்கம். அப்பம் சுட்டுக் கொடுக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் மாவு கிடைக்கவில்லையாம். கொண்டுவந்திருந்த அப்பங்கள் ஆளுக்கொன்று காணாது என்று சாமியார் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பிட்டார். கோயில் முழுக்க அந்த மெல்லிய முறிகிற சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அப்பம் முறிகிற சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

நன்மை வாங்க எல்லோரும் எழுந்தார்கள். அக்காவும் எழுந்தாள். அவள் போவதற்காக நான் முழங்காலை ஒதுக்கினேன். வரிசை அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றது. பிறகு முன்னால் நின்ற ஒருத்தி பின்வாங்கி, தன் இடத்தை அவளுக்கு விட்டாள். அடுத்தவளும் விட்டாள். அப்படியே ஒவ்வொருவராக விலக, அக்கா எதிர்பாராமல் முதல் ஆளாகப் போய் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுந்து போகவில்லை. போகலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை.

அக்கா திரும்பி வந்து முகத்தைக் கையில் புதைத்து முழந்தாளிட்டாள். நெடு நேரம் அசையவில்லை. நான் பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். என் பக்கம் சாய்ந்து, "நன்ம மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு தம்பி" என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் சிரிப்பதை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் சனங்கள் புல்லில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். சாமியாருக்கு ஒரு துண்டு, பூசைப் பாட்டுக்குத் தவில் அடித்தவருக்கு ஒரு துண்டு. எனக்கும் நான்கு கைகள் நீண்டன. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். அக்கா தன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "நடங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்.

மீனாட்சி இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல், "குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்க."

"எம்புட்டு?"

அக்கா சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

"அம்புட்டுத்தானா! இதுக்கா பதினோரு வருசம் முழிச்சிக்கிட்டிருந்த?"

"அம்புட்டுத்தான்டி" என்று அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பிரித்து ரொட்டியை நடுவில் வைத்தாள்.

"என்ன, திங்கலயா நீ?"

"ஒன்ன விட்டுட்டுத் திங்க முடியல."

மீனாட்சி கீரைக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, காய்ந்துபோயிருந்த ரொட்டியை நாலாகப் பிட்டார். அக்காவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான்காவதை எடுத்துக்கொண்டு என்னைத் தேடினார். நான் தள்ளி, மழைத்தண்ணி சொட்டும் ஓரத்தில் நின்றிருந்தேன்.

"எனக்கு வேணாங்க. நான் நேத்தே சாப்பிட்டுட்டேன்" என்றேன்.

"நேத்து தின்னது நேத்தோட போச்சு. இன்னிக்கி யாருக்கும் வெரதம் இல்ல, வாங்க தம்பி."

கோயிலில் எழுந்து போகாத நான், அங்கே போய் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.